பொறுக்கச் சொல்கிறவள்

சரி என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. வேறு எது வேண்டுமானாலும் பேசலாம், இந்தத் தகரக் கூரையின் புழுக்கம், ரெஃப்ரியின் தொப்பை, முன்வரிசைப் பையன் தலையில் அடித்திருக்கும் சிவப்புச் சாயம், எது வேண்டுமானாலும். ஆனால் பிலோமி நம் அணியைப் பற்றி வாயைத் திறந்தால் ‘ஆமாண்டி, நீ சொல்றது சரிதான்’ என்று மட்டும் எனக்கு வந்துவிடக் கூடாது. வந்தால் அவளுக்குத் தெரிந்துவிடும். காலையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது ரெஜினா போன் செய்தாள், பிலோமியின் மகள், நான் தூக்கி வளர்த்த பெண். அம்மாவுக்குக் கணையத்துலங்க ஆன்ட்டி, பரவிருச்சாமாங்க, ஆபரேசன் வேண்டாம்னுட்டாங்க என்றாள். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன், கை நிற்கவில்லை, தண்டு ஒரு பக்கம் இலை ஒரு பக்கம் என்று போட்டுக்கொண்டே இருந்தேன். ஆயுத பூஜை கழிஞ்சு தெரிஞ்சுதுங்க, வர்ற கிறிஸ்துமசப் பத்திக் கேட்டா டாக்டர் வாயே தொறக்க மாட்டேங்கறாரு, உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு அம்மா சத்தியம் வாங்கியிருக்குது, என்னால முடியலீங்க ஆன்ட்டி. ஏன் கண்ணு எங்கிட்டச் சொல்லக் கூடாதாம் என்று கேட்டேன். சாந்தாவுக்குத் தெரிஞ்சா சண்டை போட மாட்டா, எதுக்கெடுத்தாலும் சரி சரின்னு மண்டைய ஆட்டுவா, மேட்ச் பாக்கற எடத்துல எனக்கு ஆஸ்பத்திரி வாசம் வேண்டாம்னு சொல்லுச்சுங்க. போனை வைத்துவிட்டுப் பார்த்தால் தண்டெல்லாம் பாத்திரத்தில் கிடக்கிறது, இலையெல்லாம் குப்பையில். அப்புறம் குளித்துவிட்டு, மேட்ச்சுக்கு எப்போதும் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

மூன்றாவது குவார்ட்டர் தொடங்கிவிட்டது, நாம் தோற்றுக்கொண்டிருக்கிறோம், அதில் ஒன்றும் புதுமை இல்லை. கூடைப்பந்து அணிக்கு நொய்யல் வேங்கைகள் என்று பேர் வைத்துக்கொண்டு இந்த சீசன் முழுக்க ஊர் ஊராகப் போய் உதை வாங்கிக்கொண்டு வருகிறார்கள், சொந்த ஊரிலும் வாங்குகிறார்கள். அதற்கு முன்பு நன்றாகத்தான் இருந்த அணி. ரொம்ப நன்றாக என்று சொல்ல முடியாது, ஒவ்வொரு வருடமும் அரையிறுதி வரை போய் அங்கே வழுக்கி விழுகிற அணி. கேப்டனுக்கு முட்டி போய்விட்டது, ரிங்குக்கு அடியில் நிற்கிற பஞ்சாபிக்காரருக்கு வயதாகிவிட்டது. ஒரு நாள் காலையில் பேப்பரைப் பிரித்தால் எல்லாப் பெரிய ஆட்களையும் ஒரே மூச்சில் அனுப்பிவிட்டார்களாம், மீசை முளைக்காத பையன்களாகப் பொறுக்கிப் போட்டு, செர்பியாவிலிருந்து ஒரு கோச்சைக் கூட்டி வந்து, மூன்று வருடம் கொடுங்கள் என்கிறார்கள். அன்றைக்கே இந்தக் கிழக்கு கேலரி இரண்டாகப் பிளந்தது. பொறுக்கலாம் என்கிறவர்கள் ஒரு பக்கம், போதும் என்கிறவர்கள் ஒரு பக்கம். முதல் கட்சிக்குத் தலைவி நான், இரண்டாவது கட்சிக்கு பிலோமி. மூன்றாவது குவார்ட்டர் முடிந்து கிடைக்கிற இடைவேளையில்தான் பஞ்சாயத்து. சுற்றியிருக்கிற பையன்கள் எல்லாம் எங்கள் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்வார்கள், ஆளுக்கு ஒரு பேச்சு, எந்தப் பக்கம் சத்தம் அதிகமோ அதற்கு வெற்றி, தோற்றவள் எல்லோருக்கும் டீ வாங்கித் தர வேண்டும். அறுபதைத் தொடப்போகிற இரண்டு பொம்பளைகள் அடித்துக்கொள்வதைப் பார்க்கவே சிலர் வருகிறார்கள் என்று கிஷோர் சொல்வான், வங்கியில் வேலை பார்க்கிற பையன், எங்களுக்கு முன் வரிசையில் உட்காருகிறவன், பிலோமி கட்சி. இன்னும் கொஞ்ச நேரத்தில் அந்த இடைவேளை வந்துவிடும். வராமல் இருக்க வழியில்லை, மேலே கடிகாரம் இறங்கிக்கொண்டே இருக்கிறது, பந்து வெளியே போனால்தான் நிற்கிறது, உடனே உள்ளே போட்டுவிடுகிறார்கள். என்ன அவசரமோ.

“பாருடி உன்ற தவசிய” என்கிறாள் பிலோமி. பார்க்கிறேன். தவசி எங்கள் செர்பியாக்காரரின் பொக்கிஷம், தேனிப் பக்கத்துப் பையன், ஆறரை அடிக்கு மேல், இருபது வயது, கை மட்டும் இன்னும் சொன்ன பேச்சுக் கேட்பதில்லை. ரிங்குக்கு அடியில் தனியாக நிற்கிறான், பந்து வந்து கையில் விழுகிறது, விழுந்த பந்து நழுவி அவன் கால் மேலேயே பட்டு வெளியே ஓடுகிறது. கேலரி முழுக்க ஐயோ என்கிறது. “சோப்புப் போட்டுக் கைகழுவிட்டு வந்தானாட்ட இருக்குது. இவன் தேறுவான்னு நீ சொல்றே.” தேறுவான், நான் சொல்ல வேண்டும், இந்த இடத்தில் நான் எப்போதும் சொல்வது, தேறுவாண்டி, எலும்பு வளர்ற வயசு, உடம்பு நீண்ட வேகத்துக்குப் புத்தி போய்ச் சேர நேரம் வேண்டாமா. சொல்லிவிட்டேனா? சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, அவள் ‘க்கும்’ என்கிறாள். என் குரல் சரியாகத்தான் வந்ததா? கொஞ்சம் மெதுவாக வந்ததோ? வழக்கமாக இதைச் சொல்லும்போது கையை நீட்டி நீட்டிச் சொல்வேன், இப்போது கை மடியிலேயே கிடந்தது. அடுத்த முறை நீட்ட வேண்டும். அறுபதை நெருங்குகிற வயதில் நடிப்புப் படிக்கிறேன், அதுவும் பக்கத்து இருக்கைக்காரி ஒருத்திக்காக.

நாங்கள் காலேஜில் விளையாடிய காலத்திலிருந்தே இப்படித்தான். நான் கார்டு, அவள் ஷூட்டர். நான் பந்தை வைத்துக்கொண்டு இந்தப் பக்கம் பார்ப்பேன், அந்தப் பக்கம் பார்ப்பேன், இன்னும் நல்ல இடம் வரும், இன்னும் கொஞ்சம் பொறுத்தால் எவளாவது ஒருத்தி காலை மாற்றி வைப்பாள் என்று தட்டிக்கொண்டே இருப்பேன். “தட்டித் தட்டித் தோசை சுடறியா, குடுடி” என்று அவள் கத்துவாள். கொடுத்தால் வாங்கின கையோடு எறிந்துவிடுவாள், கால் தரையில் ஊன்றியிருக்கிறதா என்றுகூடப் பார்க்க மாட்டாள், பாதி விழும், பாதி விழாது, விழாததைப் பற்றி ஒரு நொடி கவலைப்பட மாட்டாள். விளையாட்டுக் கோட்டாவில் இரண்டு பேருக்கும் டெலிபோன் ஆபீசில் வேலை கிடைத்தபோதும் அப்படியே. சேர்ந்த வருடமே அந்தோணியைப் பார்த்தாள், பிடித்தது, கட்டிக்கொண்டாள், ரெஜினாவைப் பெற்றாள், அந்தோணி போய்ச் சேர்ந்தபோது அழுதாள், அழுது முடித்தாள். நான் நல்ல இடமாக வரட்டும் என்று பொறுத்தேன். வந்த இடங்களில் ஒருவர் கருப்பு, ஒருவர் அம்மாவுக்குப் பயந்தவர், ஒருவர் சாப்பிடும்போது சத்தம் போடுகிறவர், இன்னும் நல்லது வரும் வரும் என்று தட்டிக்கொண்டே இருந்ததில் விசில் ஊதிவிட்டார்கள். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் பெரிதாக இல்லை, சொல்லப்போனால் அந்தச் சத்தம் போட்டுச் சாப்பிடுகிறவரை நினைத்தால் இப்போதும் நிம்மதியாகத்தான் இருக்கிறது. ஆனால் பண்டிகைக்கு நான் போகிற வீடு பிலோமி வீடு, காய்ச்சல் வந்தால் ரசம் வருகிற வீடு பிலோமி வீடு. பொறுத்துப் பொறுத்து நான் சேர்த்து வைத்தது அந்த ஒருத்தியைத்தான். இதை இப்போது நினைக்கக் கூடாது, கண்ணில் தண்ணீர் வந்தால் புழுக்கம் என்று சொல்லி நம்ப வைக்க முடியாது, அவள் நம்ப மாட்டாள்.

நம் பையன்கள் இரண்டு கூடை போட்டுவிட்டார்கள், கீழே ஆட்டம் பாட்டம். பிலோமியும் கை தட்டுகிறாள். வளையல் முழங்கை வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வருகிறது. அந்த வளையல் மணிக்கட்டை விட்டு நகராதே, ஆபீசில் சோப்பு நுரை போட்டுத்தான் கழற்றுவாள். இது எப்போதிலிருந்து? பொங்கலுக்கே ஜாக்கெட்டைப் பிடித்துத் தைத்திருந்தாள், நான் ‘டயட்டாடி கிழவி’ என்று கேலி செய்தேன், ‘மாப்பிள்ளை பாக்கப் போறேன்’ என்றாள், இரண்டு பேரும் சிரித்தோம். கடலை வாங்கினால் பொட்டலத்தை என்னிடமே விட்டுவிடுகிறாள், அதையும் பார்த்தேன், பல் வலி போல என்று நினைத்தேன். கோர்ட்டில் ஐந்து பேரும் எங்கே நிற்கிறார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன், பக்கத்தில் ஒருத்தி உருகிக்கொண்டிருக்கிறாள், அது தெரியவில்லை. அதை விடு. அதைவிட மோசமானது ஒன்று இருக்கிறது, காலையிலிருந்து அதைச் சுற்றித்தான் வந்துகொண்டிருக்கிறேன், கிட்டே போகாமல் சுற்றி வருகிறேன். ஆயுத பூஜைக்கு அப்புறம் எத்தனை மேட்ச் நடந்திருக்கிறது? ஒவ்வொன்றிலும் இதே இடத்தில் உட்கார்ந்துகொண்டு, கையை நீட்டி நீட்டி, அவள் முகத்துக்கு நேராகவே, மூணு வருசம் பொறுடி என்று சொல்லியிருக்கிறேன். மூணு வருசத்துல தவசி எப்படி நிக்கறான்னு நீயே பாப்பே. நீயே பாப்பே என்று சொன்னேன். அவளும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள், ஒரு தடவைகூட முகம் மாறவில்லை, ‘மூணு வருசமா, எனக்கு மூணு நாளே தாங்காதுடி’ என்றாள், கேலரியே சிரித்தது, கிஷோர் விசிலடித்தான், நானும் சிரித்தேன். ஜெயித்தும் அன்றைக்கு டீ அவள்தான் வாங்கித் தந்தாள். எல்லோருக்கும் கொடுத்துவிட்டு அவளுடையதை மட்டும் பாதியில் கீழே வைத்துவிட்டாள்.

கோபம் வருகிறது எனக்கு. யார் மேல் என்று தெரியவில்லை. ஒளித்து வைத்தவள் மேலா, ஒளித்ததைச் சொல்லிவிட்ட பெண் மேலா? சொல்லாமல் இருந்திருந்தால் இப்போது நன்றாகச் சண்டை போட்டுக்கொண்டிருப்பேன், அவளுக்கு வேண்டியது அதுதான். நல்ல மனசோடு சண்டை போடுவது எவ்வளவு சுலபமாக இருந்திருக்கிறது. இப்போது ஒவ்வொரு வார்த்தையையும் எடுத்து முன்னும் பின்னும் பார்த்துவிட்டுப் போட வேண்டியிருக்கிறது. பொறு என்று சொன்னால் கொடுமைக்காரி, பொறுக்க வேண்டாம் என்று சொன்னால் காட்டிக்கொடுக்கிறவள். அதில் ஒரு வேடிக்கை, செர்பியாக்காரர் சொல்வது சரி என்றுதான் இன்னும் என் புத்தி சொல்கிறது. இந்தப் பையன்கள் தேறுவார்கள், நிச்சயம் தேறுவார்கள், தவசிக்குக் கை பழகிவிட்டால் அவனை அடிக்க இந்த லீகில் ஆள் இல்லை. ஆனால் எப்போது? வருகிற வருடம் இதே கேலரியில் அவன் பந்தைப் பிடித்து ரிங்குக்குள் குத்தும்போது கூரை பறக்கிற மாதிரி சத்தம் வரும், நான் எழுந்து நிற்பேன், எழுந்து நின்று பக்கத்தில் திரும்புவேன். வேண்டாம். அந்தப் பக்கம் போக வேண்டாம். கடிகாரத்தைப் பார். விசில். முடிந்தது. நாம் இன்னும் பின்னால்தான் இருக்கிறோம், கடைசியில் போட்ட இரண்டு ஃப்ரீ த்ரோவையும் தவசி கோட்டை விட்டான்.

முன்வரிசை மொத்தமும் திரும்பி உட்கார்ந்துவிட்டது. “சாந்தாம்மா, இன்னிக்கு என்ன சமாதானம் சொல்லப் போறீங்க?” என்கிறான் கிஷோர். “என்ன சொல்லுவா, மூணு வருசம்பா” என்கிறாள் பிலோமி. துப்பட்டாவைத் தோளில் இழுத்துப் போட்டுக்கொண்டு, ஆபீஸ் யூனியன் கூட்டத்தில் பேசுகிற தோரணையில் நிமிர்ந்து உட்காருகிறாள், இரண்டு கன்னத்திலும் குழி விழுந்திருக்கிறது, கண் மட்டும் அதே பழைய திருட்டுக் கண். “நான் சொல்றேன் கேட்டுக்கோங்க தம்பிகளா. இந்தப் பள்ளிக்கூடம் நடத்தறதெல்லாம் போதும். நமக்கு மேட்ச் ஜெயிக்கோணும், பாடம் நடத்தறதப் பாக்கறதுக்கா வர்றோம்? அந்தக் கோச்ச பிளேன் ஏத்தி அனுப்பிட்டு, தாட்டியான ஆளுக நாலு பேரக் கூட்டியாரோணும். இந்த வருசமே கோப்பை வேணும். என்னடி பேசாம உக்காந்திருக்கே, வாயத் தொற.” எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள். கையை நீட்டு, சாந்தாமணி. தேறுவான் என்று சொல். மூன்று வருடம் என்று சொல். எலும்பு, வயது, நேரம், எல்லாம் தயாராக இருக்கிறது, நாக்கு நுனியில் இருக்கிறது. கிளம்பும்போது கண்ணாடி முன்னால் நின்று ஒரு தடவை சொல்லிப் பார்த்துவிட்டும் வந்தேன். இந்த வருசமே. அவள் சொன்ன அந்த இரண்டு வார்த்தை என்னை எங்கேயோ பிடித்துக்கொண்டது. எனக்கும் இந்த வருடமே வேண்டும். கோப்பை, கூரை பறக்கிற சத்தம், நான் திரும்பும்போது அவள் பக்கத்தில் நிற்பது, எல்லாம் இந்த வருடமே. “ஆமாண்டி” என்றேன். “நீ சொல்றது சரி. பொறுத்தது போதும்.”

பையன்கள் கத்திய கத்தலில் போலீஸ்காரர் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். சாந்தாம்மா கட்சி மாறிட்டாங்க, சாந்தாம்மா கட்சி மாறிட்டாங்க என்று ஒருத்தன் வீடியோ எடுக்கிறான், டீ யார் வாங்குவது என்று ஒருத்தன் சட்டம் பேசுகிறான். பிலோமி சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக, அவர்களுக்குக் கேட்காதபடி, “ரெஜினாவா?” என்றாள். “என்னது ரெஜினா?” என்றேன். “நடிக்காதே. காலேஜ் டிராமாவுலயே உன்னயக் கதவு தெறக்கறதுக்குத்தான் போட்டாங்க. எப்பச் சொன்னா?” நான் கோர்ட்டைப் பார்த்துக்கொண்டு காலையில் என்றேன். ம் என்றாள். அவளைத் திட்டாதே என்றேன். திட்டல என்றாள். எனக்கு ஏதேதோ கேட்க வேண்டும் போல இருந்தது, வலிக்கிறதா, ராத்திரி தூங்குகிறாயா, பயமாக இருக்கிறதா, பயமாக இருந்தால் என்னை ஏன் கூப்பிடவில்லை. ஒன்றையும் கேட்கவில்லை. செர்பியாக்காரர் பலகையில் ஏதோ கிறுக்கிக் காட்டிக்கொண்டிருந்தார், பையன்கள் தண்ணீர் குடித்துக்கொண்டே தலையாட்டினார்கள், ஆட்டம் மறுபடி தொடங்கியது. போய்விட்டது, கெடுத்துவிட்டேன், அவள் கேட்டது ஒன்றே ஒன்று, அதையும் என்னால் வைத்துக் காப்பாற்ற முடியவில்லை. இனி இங்கே வந்தால் இரண்டு கிழவிகள் ஒருத்திக்கு ஒருத்தி சரி சரி என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

கீழே தவசியிடம் பந்து வந்தது. நல்ல பாஸ், நெஞ்சுக்கு நேராக வந்தது. வாங்கினான், திரும்பினான், எதிராளி ஒருத்தன் சும்மா தட்டிவிட்டுப் பந்தைக் கொண்டுபோய்விட்டான். “தூக்குங்கய்யா அவன, வெளிய உக்கார வையுங்க” என்று கிஷோர் எழுந்து நின்று கத்தினான். “ஏன் தம்பி கத்தறே?” என்றாள் பிலோமி. “இருவது வயசுப் பையன். கொஞ்சம் பொறுத்துத்தான் பாக்கோணும்.” கிஷோர் திரும்பிப் பார்த்தான். “பிலோமிம்மா, நீங்களா பேசறது?” “நானேதான். இவ அந்தப் பக்கம் தாண்டிட்டா, இந்தப் பக்கத்துக்கு ஆளு வேண்டாமா? மூணு வருசம் ஆகும்னா ஆகட்டும். தேறுவான், எனக்கு நம்பிக்கை இருக்குது.” சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள். “என்னடி பாக்கறே? எதுத்துப் பேசு.” அவள் கண்ணைப் பார்த்தேன். அதில் அழுகையும் இல்லை, கேலியும் இல்லை, பந்துக்குக் கையை நீட்டிக்கொண்டு நிற்பாளே, குடுடி என்று, அந்தப் பார்வை. “முடியாது” என்றேன். “என்னால பொறுக்க முடியாதுடி, பிலோமி.” “சத்தமாச் சொல்லு. எவனுக்குக் கேக்குது?” எழுந்து நின்றேன். பொறுக்க முடியாது என்று கத்தினேன், இந்த வருசமே வேணும் என்று கத்தினேன், தொண்டை கிழிந்தது, இன்றைக்கு நான் பேசியதில் நடிக்காமல் பேசியது அது ஒன்றுதான். பையன்களுக்கு என்ன தெரியும், குஷியாகிவிட்டார்கள், பொறுக்க முடியாது, பொறுக்க முடியாது என்று பிடித்துக்கொண்டார்கள், அடுத்த வரிசையும் சேர்ந்துகொண்டது, அதற்கடுத்த வரிசையும் சேர்ந்துகொண்டது. கிழக்கு கேலரி முழுக்க என்னோடு நின்று கத்தியது. பிலோமி ஒருத்தி மட்டும் உட்கார்ந்தபடி, தலையை ஆட்டி ஆட்டி, பொறுக்கோணும், பொறுக்கோணும் என்று எங்கள் எல்லோரையும் எதிர்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள்.